ஏரியும் அலையும் மதிலான கோட்டைகள்

செங்கல்பட்டுக் கோட்டையின் நான்கு பக்கமும் ஒரே கனத்தில் மதில் எழுப்பப்படவில்லை. மேட்டு நிலம் கிடந்த தெற்குப் பக்கத்தில் மதில் மிகக் கனமாக நின்றது. நெல் வயல்கள் சூழ்ந்த பக்கங்களில் அதைவிடச் சற்று இளைத்தது. ஏரி தொட்டுக்கொண்டிருந்த பக்கத்திலோ மெல்லிய ஒற்றைச் சுவரோடு முடிந்தது. பகைவன் கால் ஊன்றி நிற்கக்கூடிய பக்கத்தில் கல்லையும், அவன் கால் புதையும் பக்கத்தில் சேற்றையும், நிற்கவே முடியாத பக்கத்தில் நீரையும் நம்பிக் கட்டிய கோட்டை இது. உலகில் பெயர்பெற்ற மதில் நகரங்கள் சிலவும் இதே கணக்கில்தான் எழுந்தன. அவற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் செங்கல்பட்டில் வேலை செய்தவர்களின் அறிவு முழுதாகத் தெரிகிறது.

தமிழில் கோட்டைக்குச் சொல் பஞ்சம் இருந்ததில்லை. மதில், எயில், இஞ்சி, புரிசை என்று சுவருக்கே பல பெயர்கள். அதைச் சுற்றிய நீர் அகழி அல்லது கிடங்கு. அதற்கும் வெளியே வளர்த்த காவற்காடு மிளை. மதிலை முற்றுவது உழிஞை, உள்ளே நின்று காப்பது நொச்சி என்று போரிலேயே இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பூக்களின் பெயரை வைத்தார்கள். திருக்குறளின் அரண் அதிகாரம் இன்னும் கவனிக்கத்தக்கது. தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கையும் அது முதலில் அரணாகச் சொல்கிறது. மனிதன் எழுப்பும் மதிலின் உயரமும் அகலமும் திண்மையும் அடுத்த குறளில்தான் வருகின்றன. நான்கு அரண்களில் முதலில் நிற்பது நீர். மலையும் பெருங்காடும் குறைந்து, ஏரிகள் மலிந்த தொண்டை மண்டலத்தில் அந்த வரிசைக்குத் தனிப் பொருள் உண்டு.

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு கோட்டத்திலும் குறும்பர் ஒரு கோட்டை கட்டி ஆண்டார்கள் என்பது நாட்டு வழக்கு. அந்த வழக்கின் உண்மையை எவ்வளவு தூரம் ஏற்றாலும், கோட்டைக்கும் நாட்டுப் பிரிவுக்கும் உள்ள நெருக்கம் ஊர்ப் பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. காஞ்சிபுரம் இருந்த பிரிவுக்கு எயிற்கோட்டம் என்று பெயர். சிறுபாணாற்றுப்படை கடற்கரையில் எயிற்பட்டினம் என்ற ஊரைச் சொல்கிறது. இன்றைய மரக்காணம்தான் அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மதில் உடைய பட்டினம் என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். இதற்கு மாறாக, பல்லவர்களின் துறையான மாமல்லபுரம் கோயிலாலும் குகையாலும் கப்பலாலும் அறியப்பட்ட ஊர். பல்லவர்களின் தலைநகர் உள்நாட்டில், காஞ்சியில் இருந்தது. கடற்கரைக் கோயிலைச் சுற்றிய சுவரின் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளே மாமல்லபுரத்து மதிலின் காவலர்கள்.

இப்போது மிச்சமிருக்கும் செங்கல்பட்டுக் கோட்டை இவற்றுக்கெல்லாம் வெகு பிந்தியது. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகர அரசர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி என்று தெற்கே நகர்ந்தார்கள். அவர்களுடைய ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கோட்டை எழுந்ததாகக் கருதப்படுகிறது. திம்மராஜா என்ற பெயரோடு அதை இணைத்துச் சொல்வது வழக்கம். செங்கழுநீர்ப் பூ மலிந்த இடம் என்பதால் ஊர் செங்கழுநீர்ப்பட்டு ஆயிற்று என்று ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். கோட்டைக்கு முன்பே நீர் அங்கே இருந்ததற்கு அந்தப் பெயரைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கோட்டையின் அமைப்பை மிகத் தெளிவாக எழுதி வைத்தவர் ராபர்ட் ஓர்ம். 1750களில் சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாற்றை எழுதியவர். அவர் தரும் அளவுப்படி கோட்டை ஏறத்தாழ நீள்சதுரம். வடக்கு தெற்காக 400 கஜம், கிழக்கு மேற்காக 320 கஜம். பாலாற்றின் வடகரைக்கு அரை மைல் தூரத்தில் இருந்தது. ஒரு பக்கம் முழுவதையும் வடக்கில் பாதியையும் பெரிய ஏரி காத்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தையும் வடக்கின் மறுபாதியையும் சேறு மாறாத நெல் வயல் காத்தது. நிலத்தை நோக்கிய பக்கங்களில் 60 அடி அகலத்தில், ஆழமாக, கல் பாவிய அகழி. அதற்குள் தாழ்ந்த முன்மதில். அதற்கும் உள்ளே 18 அடி உயரக் கல் மதில். மூலைகளிலும் இடையிடையேயும் வட்டக் கொத்தளங்கள். இதோடு நிற்கவில்லை. இதே போன்ற அகழியும் மதிலும் உள்ளே இரண்டாம் முறை ஓடி, ஏரிக்கரையின் மெல்லிய சுவரில் போய்ச் சேர்ந்தன. ஆக நிலத்தின் பக்கம் இரட்டைக் கோட்டை, நீரின் பக்கம் ஒற்றைச் சுவர். உள்நாட்டுக் கட்டுமானங்களைப் பெரிதாக மதிக்கும் வழக்கமில்லாத அந்தக் காலத்து ஆங்கில எழுத்தாளர், இடத்தைத் தேர்ந்ததற்கும், நிலத்தின் பலவீனத்துக்கு ஏற்ப மதிலின் பலத்தைப் பங்கிட்டதற்கும் இந்தக் கோட்டையைக் கட்டியவரைப் பாராட்டுகிறார். அது யார் என்று ஓர்முக்கும் தெரியவில்லை.

இந்தப் பங்கீட்டை உலகின் மிகப் புகழ்பெற்ற மதிலிலும் காணலாம். கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தின் நிலப்பக்கத்து மதில் 413ஆம் ஆண்டில், இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் முடிந்தது. மர்மரா கடலிலிருந்து பொற்கொம்பு என்ற கழிமுகம் வரை 6 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்த அரணில் முதலில் அகழி, அடுத்து வெளி மதில், அதற்கும் உள்ளே 12 மீட்டர் உயரத்தில் 96 கோபுரங்களோடு பெருமதில். அகழியின் அகலம் சுமார் 20 மீட்டர். செங்கல்பட்டின் 60 அடி அதற்கு வெகு தூரத்தில் இல்லை. கடலை நோக்கிய பக்கத்திலோ அங்கும் ஒற்றை மதில்தான். அட்ரியாடிக் கரையிலுள்ள டுப்ரோவ்னிக் நகரத்தில் சுமார் 2 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில், நிலத்தின் பக்கம் 6 மீட்டர் வரை தடித்தும் கடலின் பக்கம் 1.5 முதல் 3 மீட்டராக மெலிந்தும் ஓடுகிறது. இந்த ஊர்களுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. கொத்தனார் கையில் கல்லும் ஆளும் அளவாகத்தான் கிடைக்கும். எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று நிலம் சொல்லிக்கொடுத்ததை மூன்று ஊர்களும் கேட்டுக்கொண்டன.

ஆனால் ஒரு வித்தியாசம் பெரியது. கான்ஸ்டான்டிநோபிளுக்கும் டுப்ரோவ்னிக்குக்கும் அரணாக நின்றது உப்பு நீர். செங்கல்பட்டுக்கு அரணாக நின்றது ஏரி நீர். கடல் யாரும் வெட்டாமல் கிடைத்தது. ஏரி அப்படியல்ல; கரை போட்டு, கலங்கல் வைத்து, மதகு கட்டி, ஆண்டுதோறும் கரைக்கு மண் போட்டுக் காப்பாற்றிய ஒன்று. அதே ஏரியின் பாய்ச்சலில்தான் கோட்டையைச் சுற்றிய வயலில் நெல் விளைந்தது. அந்த நெல் வயலின் சேறுதான் மறுபக்கத்துக்கு அரண். மதகு திறந்தால் சோறு, அதே மதகு கோட்டைக்குக் காவல். அரணுக்குள் போதிய உணவு இருக்க வேண்டும் என்று குறள் விதிப்பதையும் நீரை முதல் அரணாக அது வைப்பதையும் ஒரே வெட்டில் நிறைவேற்றிய இடம் இது. நெல் நாட்டுக் கோட்டைகளுக்கே இந்த வாய்ப்பு உண்டு. கம்போடியாவில் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏழாம் ஜெயவர்மன் எழுப்பிய ஆங்கோர் தோம் நகரத்தைச் சுற்றி 100 மீட்டர் அகலத்துக்கு அகழி ஓடுகிறது. அதன் அளவு வேறு, அரசு வேறு. ஆனால் நீரைத் தேக்கி வாழ்ந்த மக்கள் நீரையே மதிலாகவும் நினைத்த மனம் ஒன்றுதான். தமிழகத்துக்குள் வேலூர்க் கோட்டையின் அகழியை இதற்கு அருகில் வைக்கலாம். செஞ்சி முற்றிலும் வேறு வகை; அங்கே மூன்று மலைகள் செய்த வேலையை இங்கே ஓர் ஏரி செய்தது.

ஏரி மதிலுக்கு ஒரு குறை உண்டு. அது மழைக்குக் கட்டுப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிறையும். கோடை முழுவதும் மெலியும். இன்னொரு குறை செங்கல்பட்டுக்கே உரியது: தெற்கு மேடு. வில்லும் வேலும் இருந்த காலத்தில் அந்த மேடு பெரிய ஆபத்து இல்லை. பீரங்கி வந்த பிறகு அது கோட்டையின் விதியாயிற்று.

1751இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த செங்கல்பட்டை மீட்கச் சென்னையிலிருந்து 1752இல் ஆங்கிலத் தளபதி ராபர்ட் கிளைவ் புறப்பட்டார். வழியில் அவர் முதலில் பிடிக்க வேண்டியிருந்தது கோவளம். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த இந்தக் கோட்டையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மதில் எப்படியெல்லாம் தோற்கும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தக் கரையில் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆஸ்டெண்ட் கம்பெனி கோவளத்தில் பண்டசாலை வைத்திருந்தது. அதன் இடிபாட்டுக்கு அருகில் எழுந்தது ஆற்காட்டு நவாபின் கோட்டை. அகழி இல்லை, ஆனால் வலுவான மதில், வட்டக் கொத்தளங்கள், அவற்றின் மேல் 30 பீரங்கிகள்.

1750இன் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் போட்டு ஆபத்துக் கொடி காட்டியது. கோட்டையிலிருந்து படகில் போனவர்களிடம், ஸ்கர்வி நோயில் மாலுமிகள் பலர் இறந்துவிட்டார்கள், எஞ்சியவர்களைக் கரையிறக்காவிட்டால் அவர்களும் பிழைக்க மாட்டார்கள் என்று கப்பலில் இருந்தவர்கள் கெஞ்சினார்கள். நல்ல பணம் கிடைக்கும் என்று நம்பிக் கோட்டை அதிகாரி சம்மதித்தார். எலும்பும் தோலுமாகத் தெரிந்த 30 பேர் தள்ளாடி உள்ளே வந்தார்கள். அவர்களுடைய சட்டைக்குள் ஆயுதம் இருந்தது. அன்றிரவே எழுந்து காவலரை மடக்கிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மதிலில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அந்த மதிலுக்கு முன் வந்த கிளைவிடம் இருந்த படை பரிதாபமானது. இங்கிலாந்தின் தெருக்களிலிருந்து அள்ளி அனுப்பப்பட்ட 200 ஐரோப்பியர், 500 சிப்பாய்கள். முதல் சத்தத்திலேயே அந்த ஐரோப்பியர் சிதறி ஓடினார்கள். ஒருவன் மறுநாள் ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டான். அவர்களை ஒருவழியாகப் பழக்கிக் கோட்டையைச் சரணடைய வைத்த மறுநாள், கோவளம் விழுந்தது தெரியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படையைக் கிளைவின் ஆட்கள் மறைந்திருந்து தாக்கி முறியடித்தார்கள். செங்கல்பட்டுக் கோட்டையின் பாதி வலிமை கோவளத்து மணலிலேயே போய்விட்டது. கோவளக் கோட்டை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

செங்கல்பட்டில் 40 ஐரோப்பியரும் 500 சிப்பாய்களும் இருந்தார்கள். கிளைவ் ஏரியின் பக்கமும் போகவில்லை, வயலின் பக்கமும் போகவில்லை. தெற்கு மேட்டில், முதலில் 500 கஜ தூரத்திலும் பிறகு 200 கஜ தூரத்திலும் பீரங்கி மேடை போட்டார். நான்கு நாள் இடைவிடாத வெடியில் வெளிமதிலும் உள்மதிலும் உடைந்தன. ஆனாலும் அகழி இருந்தது, இரட்டை அகழி. அதைத் தூர்க்க இன்னும் நாள் பிடித்திருக்கும். அதற்குள் கோட்டைத் தலைவர் உடன்பாடு பேசி, 1752 ஆகஸ்டு 31இல் கோட்டையை ஒப்படைத்துவிட்டார். மிகப் பலமாகக் கட்டிய பக்கமே தாக்கப்பட்ட பக்கமாகவும் ஆனது. 1453இல் இரண்டாம் மெஹ்மத் சுல்தானின் பெரும் பீரங்கிகள் கான்ஸ்டான்டிநோபிளின் நில மதிலைத்தான் உடைத்தன. அதற்கு முன் 1204இல் சிலுவைப்போர் வீரர்கள் கப்பலிலிருந்து ஏறிய மெல்லிய கடல் மதில் அந்த முறை தப்பியது. பீரங்கிக்கு வேண்டியது உறுதியான தரை. கல் மதிலும் அதே உறுதியான தரையில்தான் எழும். இரண்டும் ஒரே நிலத்தைத் தேடியதால், வில் காலத்துக் கணக்கு பீரங்கிக் காலத்தில் தலைகீழானது. சேறும் நீரும் மட்டும் தம் வேலையைக் கடைசி வரை செய்தன.

அதன் பிறகும் கோட்டை பயனற்றுப் போகவில்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றியபோது, செங்கல்பட்டை முன்னதாகப் பிடிக்காமல் விட்டது அவருக்குப் பெரும் இடைஞ்சலானது. அங்கிருந்த கேப்டன் பிரெஸ்டனும், மருதநாயகம் என்று மக்கள் நினைவில் நிற்கும் முகமது யூசுப் கானும் வெளியே வந்து வந்து பிரெஞ்சுப் படையின் உணவு வரத்தைத் தொல்லைப்படுத்தினார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்ததற்கு ஆங்கிலக் கப்பல்கள் வந்தது உடனடிக் காரணம். ஆனால் பின்னால் இருந்த இந்த ஏரிக்கரைக் கோட்டையின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

உணவில்லாத கோட்டை எப்படியிருக்கும் என்பதையும் செங்கல்பட்டு காட்டியது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலக் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். செய்தி கேட்ட ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடிவந்தார். மதில் இருந்தது, அகழி இருந்தது, எதிர்பார்த்த அரிசி இல்லை. படை அங்கே தங்க முடியாமல் சென்னைக்குப் பின்வாங்கியது. சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அந்த ஆண்டுகள் கொடுமையானவை. மைசூர்க் குதிரைப் படை ஒருபுறம், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தானியம் கேட்பவர்கள் மறுபுறம். 1763இல் நவாப் முகமது அலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்திருந்த இந்தச் சீமையில் மதிலுக்குள் இடம் கிடைத்தது சிலருக்கே. 1781 ஜனவரியில் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழிக் கோட்டை ஆங்கிலேயர் தாக்குதலில் விழுந்தது. ஹைதரின் படை முற்றிய வந்தவாசி பிடிவாதமாக நின்றது. உடைந்த மதில்கள் போர்க் குறிப்புகளில் ஏறின. உடைந்த ஏரிக்கரைகளையும் பாழான வயல்களையும் எண்ணிப் பார்க்கப் பிறகு வருவாய் அதிகாரிகள் வர வேண்டியிருந்தது. 1790களில் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் பழுதுபார்த்த மதுராந்தகம் ஏரியை ஏரிகாத்த ராமர் கதையோடு இன்றும் மக்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரு நாடு தன் மதிலைவிட ஏரிக்கரையை ஆழமாக நினைவில் வைத்திருப்பதற்கு இது ஓர் அடையாளம்.

கடற்கரைக் கோட்டைகள் எழுந்த காரணம் வேறு. கோவளத்திலிருந்து ஆலம்பரை வரை இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நின்றுவிடும். சரக்கும் ஆளும் சலங்குப் படகில், அலையைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். அலையின் மூச்சை அறிந்த படகோட்டிகள் இல்லாமல் எந்த ஐரோப்பியப் படையும் இந்தக் கரையில் கால் வைத்திருக்க முடியாது. செங்கல்பட்டுக்கு ஏரி எப்படியோ, அப்படிக் கடலோரக் கோட்டைகளுக்கு அலை. குதிரைப்படை வரக்கூடியது நிலத்தின் பக்கத்திலிருந்துதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினம் இவற்றில் மிகப் பழைய துறை. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் அதற்கு ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பண்டசாலை வைத்து, நாளடைவில் செங்கல் கோட்டையாக வளர்த்தது. ‘சதுரங்கப்பட்டினம்’ டச்சுக்காரர் வாயில் சத்ராஸ் ஆனது. அவர்கள் காக்க நினைத்தது ஊரை அல்ல, துணியை. சுற்றுவட்டார நெசவாளர் தறியிலிருந்து வந்த மெல்லிய பருத்தித் துணி, கப்பல் வரும் வரை பூச்சியும் ஈரமும் திருட்டும் படாமல் அடுக்கி வைக்கப்பட வேண்டும். அதனால்தான் கோட்டைக்குள் நீண்டு கிடக்கும் சரக்கறைகளே பெரிய கட்டடங்கள்.

கோட்டைக்குள் உள்ள சிறு கல்லறைத் தோட்டம் அருகில் நின்று பார்க்க வேண்டிய இடம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இறந்த டச்சுக்காரர்களின் பெரிய பெரிய பலகைக் கற்கள் தரையில் படிந்து கிடக்கின்றன. மேலே குலச் சின்னங்கள், சுற்றிலும் பூவேலை, நெருக்கி வெட்டிய டச்சு எழுத்து. பருவக் காற்றுக்கும் உப்புக்கும் மூன்று நூற்றாண்டு முகம் கொடுத்தும் அந்த எழுத்தின் விளிம்பு பல இடங்களில் கூர்மை மாறாமல் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பாறை எங்கோ தூரத்தில் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

சதுரங்கப்பட்டினம் போரைவிடப் பேச்சுவார்த்தைக்கும் கைமாற்றத்துக்குமே அதிகம் பெயர்பெற்றது. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இந்த நடுநிலைக் கோட்டையில் கூடினார்கள், பேச்சு முறிந்தது. 1781இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிய கடற்போர் இந்த ஊரின் பெயரால் அறியப்படுகிறது. கப்பலும் கப்பலும் கடலில் மோதியதில் கரையிலிருந்த மதிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. திருப்பிக் கொடுப்பதும் மறுபடி பிடிப்பதுமாக இழுபட்டு, 1824 லண்டன் உடன்படிக்கைப்படி 1825இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இன்னும் தெற்கே கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை 18ஆம் நூற்றாண்டில், நவாப் ஆட்சிக் காலத்தில், 1736க்கும் 1740க்கும் இடையே கட்டப்பட்டது. ஒருபுறம் கடல், ஒருபுறம் உப்பங்கழி. இங்கே நாணயச் சாலையும் இருந்தது. துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறின. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் பரிசாகப் போய், 1760இல் ஆங்கிலேயர் கையில் சிக்கிச் சிதைக்கப்பட்டது. அதன் செங்கற்கள் சிறியவை, தட்டையானவை. அவற்றைப் பிணைத்தது சுண்ணாம்பு. இந்தக் கரையில் சுண்ணாம்புக்குக் கல் தேட வேண்டியதில்லை. கழியில் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணலோடு அரைத்தால் போதும். அப்படி அரைத்த சாந்தின் பிடிப்பைக் கரையில் விழுந்து கிடக்கும் துண்டங்களில் காணலாம். மதில் விழுந்திருக்கிறது, செங்கல் பிரியவில்லை. அலை வந்து மோத மோதச் செங்கல் தேய்ந்து குழிய, நடுவிலிருக்கும் சாந்து மட்டும் தேன்கூட்டின் விளிம்புபோல் வெளியே துருத்தி நிற்கிறது.

இந்தக் கோட்டைகளில் எதையும் மதில் நகரம் என்று சொல்ல முடியாது. அதுதான் இவற்றுக்கும் உலகின் மதில் நகரங்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. சீனாவின் சியான் நகரத்தில் மிங் அரசர்கள் 1370களில் எழுப்பிய மதில் சுமார் 14 கிலோமீட்டர் ஓடுகிறது. சந்தையும் கோயிலும் குடியானவன் வீடும் அதற்குள் அடக்கம். பிரான்சின் கார்கசோன் இரட்டை மதிலுக்குள்ளும் ஒரு முழு ஊர். தொண்டை மண்டலத்திலோ கோட்டைக்குள் படையும் அதிகாரியும் சரக்கும் இருக்க, நெசவாளரும் வணிகரும் குயவரும் வெளியே பேட்டையில் இருந்தார்கள். அந்தப் பேட்டையைத்தான் ஆங்கிலேயர் தங்கள் போர்க் குறிப்புகளில் தங்கள் உச்சரிப்பில் எழுதி வைத்தார்கள். முதலில் எரிவது எப்போதும் அதுதான். சென்னையிலும் வெள்ளையர் நகரத்துக்கு மதில் முதலிலும், தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்கு மதில் ஹைதர் அலி காலத்திலும் வந்தன. அதற்கு வரி விதிக்கப் போட்ட திட்டத்தின் நினைவு வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் இருக்கிறது.

தமிழ் நாட்டில் மக்கள் வாழும் தெருவையே உள்ளே வைத்த மதில் வேண்டுமென்றால் கோட்டையை விட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும். திருவரங்கத்தின் ஏழு சுற்று மதில்களில் வெளிச்சுற்றுகளுக்குள் வீடும் கடையும் இன்றும் உண்டு. படைகளும் இதை அறிந்திருந்தன. 1751, 1752 ஆண்டுகளில் திருவரங்கமும் காஞ்சிபுரமும் மாறி மாறிப் படைகளின் கோட்டையாகப் பயன்பட்டன.

சதுரங்கப்பட்டினத்தில் இருந்த அதே டச்சுக் கம்பெனி கடலுக்கு அப்பால் இலங்கையின் காலியில் நடந்துகொண்டது வேறு விதம். 1640இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த அந்த முனையை முழு நகரமாகச் சுற்றி மதில் போட்டது. நிலத்தை நோக்கிய ஒரு பக்கத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற பெயரில் மூன்று பெரும் கொத்தளங்கள். மற்ற பக்கங்களைக் கடலும் பாறையும் காக்க, அங்கே மதில் தாழ்ந்தது. செங்கல்பட்டின் பங்கீடு மீண்டும் வருகிறது. காலியின் மதிலுக்குள் மக்கள் தங்கினார்கள், மசூதியும் தேவாலயமும் பள்ளியும் எழுந்தன, அதனால் மதிலுக்குக் காவலும் பழுதுபார்ப்பும் நின்றுபோகவில்லை. 1988இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மதிலுக்கு வெளியே காலியின் பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாக, உள்ளே பழைய ஊர் பெருமளவு தப்பியது. அதே பேரலை ஆலம்பரையின் எஞ்சிய சுவர்களை மேலும் சிதைத்தது. உள்ளே யாரும் வாழாத மதிலைப் பழுதுபார்க்க அண்டை வீட்டுக்காரன் கிடையாது.

செங்கல்பட்டுக் கோட்டையைச் சிதைத்தது போரைவிட அமைதிக் காலம். ரயில் பாதை கோட்டைக்கு ஊடே போனது. உள்ளே அரசு அலுவலகங்களும் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியும் வந்தன. அகழி பல இடங்களில் தூர்ந்தது. எஞ்சிய மதில் மரவேர் பிளந்த துண்டுகளாக நிற்கிறது. கார்கசோனின் மதிலும் 19ஆம் நூற்றாண்டில் இடிபாடாகத்தான் இருந்தது. 1853 முதல் வியோலே-லெ-டியூக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் புதுப்பிக்க, அது ஊருக்கே வாழ்வாதாரமானது. சதுரங்கப்பட்டினம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையமும் அதன் குடியிருப்பும் அருகிலேயே வளர்ந்துவிட்டன. கோவளக் கோட்டை இருந்த இடத்தில் கடற்கரை விடுதி எழுந்திருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டத்தின் தலைநகரானது. தாம்பரத்திலிருந்து வரும் ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது, நிலையம் வருவதற்கு முன்னால், கோட்டைக்கு அரணாக நின்ற கொளவாய் ஏரி ஜன்னலை நிறைத்துக்கொண்டு வருகிறது; மழைக்காலத்தில் நீர் தண்டவாளக் கரை வரை தளும்புகிறது.